உங்கள் கட்டுரைக்கு எந்தப் பக்கம் வழி காட்டுகிறது? பெரிய தளங்களின் உள் இணைப்புகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

இணையதளம் நடத்துபவர்களிடம் உள் இணைப்பு பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஓர் எண்தான் பதிலாக வரும். "கட்டுரைக்கு மூணு லிங்க் வைங்க", "அஞ்சுக்குக் குறையக் கூடாது" என்பார்கள். ஏன் மூன்று, ஏன் ஐந்து என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனாலும் அந்த எண் எழுதுபவர்களுக்கான விதிமுறைத் தாளில் ஏறிவிடும், எழுதுபவரும் கட்டுரையை முடித்த கையோடு ஏதோ மூன்று சொற்களுக்கு இணைப்பு கொடுத்துவிட்டு வெளியிட்டுவிடுவார். ஐம்பது கட்டுரை உள்ள தளத்தில் இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. மூவாயிரம் கட்டுரை உள்ள தளத்தில் இப்படியே சில வருடம் போனால், உழைத்து எழுதிய நல்ல கட்டுரைகள் பல யார் கண்ணிலும் படாத மூலைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அது நடப்பதே வெளியே தெரியாது, ஏனென்றால் அந்தக் கட்டுரைகளை நேரடி முகவரியில் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

உள் இணைப்பு என்றால் ஒரு தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து அதே தளத்தின் இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு. மேலே இருக்கும் மெனு, அடியில் இருக்கும் பட்டியல், கட்டுரையின் நடுவில் வரும் நீல நிறச் சொல் எல்லாமே இதில் அடங்கும். வேறு தளங்களிலிருந்து உங்களுக்கு வரும் இணைப்புகள் உங்கள் கையில் இல்லை. இவை முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன, அதனால்தான் இதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம்.

## ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம்

பத்து மாடி ஆஸ்பத்திரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான அறைகள். எக்ஸ்ரே அறை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சுவரில் இருக்கும் அம்புக்குறிப் பலகைகளை நம்பித்தான் நடக்கிறீர்கள். "எக்ஸ்ரே" என்று எழுதிய பலகை சரியான திருப்பத்தில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். பலகையில் "இப்படிச் செல்லவும்" என்று மட்டும் இருந்தால் எங்கே போகிறோம் என்றே தெரியாது. எந்தப் பலகையும் சுட்டாத அறை ஒன்று இருந்தால், அதில் எவ்வளவு நல்ல மருத்துவர் உட்கார்ந்திருந்தாலும் நோயாளி வர மாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லோரும் பெரிய வாசல் வழியாக வருவதில்லை. ஒருவர் அவசரப் பிரிவு வழியாக வருவார், இன்னொருவர் லிஃப்டிலிருந்து நேராக ஆறாம் மாடியில் இறங்குவார். தேடுபொறியிலிருந்து வரும் வாசகரும் அப்படித்தான், முகப்புப் பக்கத்தைப் பார்க்காமலேயே நேராக ஏதோ ஒரு கட்டுரையின் நடுவில் வந்து இறங்குகிறார். அங்கிருந்து அவர் அடுத்து எங்கே போகலாம் என்று சொல்லும் வேலை அந்தப் பக்கத்தில் இருக்கும் இணைப்புகளுடையது.

இதில் ஒரு கோணம் பலருக்கும் தப்பிவிடுகிறது. எக்ஸ்ரே அறைக்குள் எத்தனை பலகை மாட்டியிருக்கிறது என்பதால் எக்ஸ்ரே அறைக்கு ஆள் வருவதில்லை. வெளியே, மற்ற இடங்களில், அதைச் சுட்டும் பலகைகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்பதால்தான் வருகிறார்கள். "கட்டுரைக்கு மூன்று இணைப்பு" என்ற விதி அறைக்குள் இருக்கும் பலகைகளை மட்டுமே எண்ணுகிறது.

## தேடுபொறி உங்கள் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது

கூகுள் போன்ற தேடுபொறிகள் கிராலர் என்ற ஒரு நிரலை அனுப்புகின்றன. கிராலர் ஒரு பக்கத்தைத் திறக்கும், அதில் உள்ள இணைப்புகளைக் குறித்துக்கொள்ளும், அப்புறம் அந்த இணைப்புகள் போகும் பக்கங்களைத் திறக்கும், அவற்றில் உள்ள இணைப்புகளைக் குறித்துக்கொள்ளும். அடிப்படையில் அவ்வளவுதான். அதனால், எந்தப் பக்கமும் இணைக்காத ஒரு பக்கத்துக்கு இந்த வழியில் கிராலரால் வந்து சேரவே முடியாது. அப்படிப்பட்ட பக்கத்தை அனாதைப் பக்கம் என்கிறோம்.

"சைட்மேப் கொடுத்திருக்கிறேனே, அது போதாதா?" என்று உடனே கேட்பார்கள். சைட்மேப் என்பது தளத்தில் உள்ள முகவரிகளை வரிசையாக எழுதி தேடுபொறிக்குக் கொடுக்கும் ஒரு கோப்பு. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். அதைக் கொடுப்பது நல்லதுதான், கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அந்தப் பக்கம் எதைப் பற்றியது, மற்ற பக்கங்களோடு அதற்கு என்ன உறவு, உங்கள் தளத்துக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதெல்லாம் அதில் தெரியாது. ஆயிரம் அறைகளின் எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பலகைகளைக் கழற்றிவிட்ட மாதிரி.

ஒரு தொழில்நுட்ப விஷயம், இதை மட்டும் உங்கள் டெவலப்பரிடம் கேட்டுவிடுங்கள். கூகுள் நம்பகமாகப் பின்தொடர்வது, போக வேண்டிய முகவரி நேரடியாக எழுதப்பட்ட வழக்கமான ஹெச்டிஎம்எல் இணைப்புகளை. சில தளங்களில் பட்டன் மாதிரி ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் உங்களை வேறு பக்கத்துக்குக் கூட்டிப்போகும், ஆனால் உள்ளே முகவரியே எழுதியிருக்காது. மனிதருக்கு அது இணைப்பு. கிராலர் எந்தப் பட்டனையும் அழுத்திப் பார்ப்பதில்லை, அதனால் அதற்கு அங்கே வழியே இல்லை. "மேலும் காட்டு" என்ற பட்டனுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பழைய கட்டுரைகள் இப்படி மறைந்து கிடப்பதுண்டு.

## இணைப்பு வழியாக எடை எப்படிப் போகிறது

ஒரு பக்கத்தைக் கண்டுபிடிப்பது முதல் படி. அது முக்கியமானதா என்று முடிவு செய்வது அடுத்த படி. கூகுளை ஆரம்பித்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1998-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில், இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதன் பெயர் பேஜ்ரேங்க். ஒருவர் இணையத்தில் கண்போன போக்கில் இணைப்புகளை அழுத்திக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தப் பக்கத்தில் அடிக்கடி வந்து நிற்கிறாரோ அந்தப் பக்கத்துக்கு எடை அதிகம். எளிமையான யோசனைதான், ஆனால் இரண்டு விஷயம் இதிலிருந்து தானாகவே வருகிறது. நிறைய இடங்களிலிருந்து இணைப்பு வரும் பக்கத்துக்கு எடை கூடும். எடை உள்ள பக்கத்திலிருந்து வரும் ஒரே ஓர் இணைப்பு, எடையே இல்லாத பல பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகளைவிட மேலாக இருக்கலாம்.

கணக்கும் கடினமில்லை. ஒரு பக்கம் தன்னிடம் உள்ள எடையில் ஒரு பங்கை, அந்த ஆய்வுக் கட்டுரையில் வழக்கமாக 0.85, தன்னிடம் உள்ள இணைப்புகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. பக்கத்தின் எடை 1, அதில் பத்து இணைப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.085. அதே பக்கத்தில் நூறு இணைப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.0085. ஆக, இணைப்பைச் சேர்த்துக்கொண்டே போனால் தளத்தின் மொத்த எடை கூடிவிடாது, இருக்கும் எடை இன்னும் மெல்லியதாகப் பங்கு பிரிகிறது, அவ்வளவுதான். "இருநூறு பக்கத்தையும் மெனுவில் போட்டுவிட்டோம், இனி எல்லாம் மேலே வந்துவிடும்" என்று நினைப்பவர்கள் இந்த வகுத்தல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா அறைக்கும் ஒரே சுவரில் பலகை இருந்தால் எதையும் படிக்க முடியாது.

இன்றைக்குக் கூகுள் பயன்படுத்துவது 1998-ன் அதே சூத்திரம் அல்ல. பக்கத்தின் நடுவில் வாசகர் அழுத்த வாய்ப்புள்ள இணைப்பையும், அடியில் யாரும் பார்க்காத இணைப்பையும் வேறு வேறாக மதிப்பிடும் முறைக்குக் கூகுள் காப்புரிமையும் வாங்கியிருக்கிறது. ஆனால் இணைப்பு வழியாக முக்கியத்துவம் கைமாறுகிறது என்ற அடிப்படை மாறவில்லை.

இங்கே ஒரு பழைய தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்னும் சிலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். நோஃபாலோ என்று ஒரு குறி உண்டு, "இந்த இணைப்புக்கு நான் பரிந்துரை தரவில்லை" என்று தேடுபொறிக்குச் சொல்ல 2005-ல் வந்தது. முக்கியமில்லாத உள் பக்கங்களுக்கு அந்தக் குறியைப் போட்டால் மிச்சமாகும் எடை முக்கியமான பக்கங்களுக்குப் போய்ச் சேரும் என்று பலர் நம்பினார்கள். அப்படி நடப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே விளக்கிவிட்டது: பத்து இணைப்பில் ஐந்துக்கு நோஃபாலோ போட்டால் அந்த ஐந்தின் பங்கு மற்ற ஐந்துக்குப் போகாது, வீணாகிவிடும். சொந்தத் தளத்துக்குள் நோஃபாலோ போடுவதற்கு அநேகமாக எந்தக் காரணமும் இல்லை.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இரண்டு: இணைப்பு இல்லாத பக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்த பக்கங்களில் எது முக்கியம் என்பதை, அதற்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வருகிறது என்பதும் சேர்ந்து முடிவு செய்கிறது.

## பலகையில் என்ன எழுதுவது

இணைப்பாக அழுத்தக்கூடிய சொற்களுக்கு ஆங்கர் டெக்ஸ்ட் என்று பெயர். போகப்போகும் பக்கம் எதைப் பற்றியது என்பதை வாசகருக்கும் தேடுபொறிக்கும் சொல்வது அதுதான். புகைப்படக்கலை பற்றிய தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், இனி வரும் உதாரணங்களுக்கும் அதே தளத்தை வைத்துக்கொள்ளலாம். "ஷட்டர் வேகம் பற்றி அறிய இங்கே கிளிக் செய்யவும்" என்று எழுதி "இங்கே" என்ற சொல்லுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தால் பலகையில் ஒன்றும் எழுதாத மாதிரி. "ஓடும் பொருளை உறையவைக்க ஷட்டர் வேகம் எவ்வளவு வேண்டும் என்பது..." என்று வாக்கியத்தை இயல்பாகவே எழுதி, நடுவில் உள்ள "ஷட்டர் வேகம் எவ்வளவு வேண்டும்" என்ற பகுதிக்கு இணைப்புக் கொடுத்தால், அழுத்துவதற்கு முன்பே அங்கே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

எல்லா இடத்திலும் ஒரே சொல்லைத்தான் போட வேண்டும் என்றும் இல்லை, வேண்டுமென்றே மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்தந்த வாக்கியத்துக்குப் பொருந்துவதை எழுதினால் தானாகவே வேறுபாடு வரும். ஒரே எச்சரிக்கை: இரண்டு வெவ்வேறு பக்கங்களுக்கு ஒரே ஆங்கர் டெக்ஸ்டைக் கொடுக்காதீர்கள். "ஷட்டர் வேகம்" என்ற சொல் சில கட்டுரைகளில் ஒரு பக்கத்துக்கும் சில கட்டுரைகளில் இன்னொரு பக்கத்துக்கும் போனால், அந்தத் தலைப்புக்கு எது உங்கள் முதன்மைப் பக்கம் என்று நீங்களே முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

## இணைப்புகள் எல்லாம் ஏன் பின்னோக்கியே போகின்றன

பெரிய தளங்களில் நடக்கும் மிகப் பெரிய கோளாறு இதுதான் என்பது என் கருத்து. இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது.

இன்றைக்கு "குறைந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது எப்படி" என்று ஒரு புதுக் கட்டுரை எழுதுகிறீர்கள். எழுதும்போது அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்ற அளவு) பற்றிய பழைய கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுக்கிறீர்கள். சரி, நல்ல பழக்கம். ஆனால் இன்றைய கட்டுரைக்கு யார் இணைப்புக் கொடுப்பார்கள்? போன வருடம் எழுதிய ஐஎஸ்ஓ கட்டுரையால் கொடுக்க முடியாது, அது எழுதப்பட்டபோது இந்தக் கட்டுரையே இல்லை. ஆக, புதியது எப்போதும் பழையதைச் சுட்டும், பழையது புதியதைச் சுட்டாது. யாரும் திட்டமிடாமலேயே தளத்தின் இணைப்புகள் எல்லாம் காலத்தில் பின்னோக்கிப் பாய்கின்றன. ஐந்து வருடப் பழைய, அரைகுறையாக எழுதிய கட்டுரைக்கு நூறு இணைப்பு இருக்கும்; போன மாதம் பொறுப்பாக, படங்களோடு எழுதிய கட்டுரைக்கு முகப்பில் இருந்த ஒரே இணைப்பும், அதற்குப் பிறகு இருபது கட்டுரை வெளியானதும் கீழே தள்ளப்பட்டுக் காணாமல் போயிருக்கும்.

இதற்கு மருந்து எளிது, சலிப்பானது, ஆனால் வேலை செய்யும். புதுக் கட்டுரையை வெளியிட்ட அன்றே, அதே தலைப்பைத் தொடும் பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்து அவற்றிலிருந்து இங்கே இணைப்புக் கொடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் போன்ற, தளத்தை நடத்த உதவும் மென்பொருள்களின் நிர்வாகப் பக்கத்திலேயே கட்டுரைகளுக்குள் தேடும் பெட்டி இருக்கிறது. "வெளிச்சம்" என்று தேடினால் அந்தச் சொல் வரும் கட்டுரைகள் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து, வாசகருக்கு எந்த இடத்தில் "அப்போ இருட்டில் என்ன செய்வது?" என்ற கேள்வி எழும் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ கட்டுரையில் "ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் புள்ளிகள் தெரியத் தொடங்கும்" என்று ஒரு வரி இருக்கும். இணைப்புக்குச் சரியான இடம் அதுதான், கட்டுரையின் அடியில் போடும் பட்டியல் அதற்கு ஈடாகாது. தேவைப்பட்டால் ஒரு புது வாக்கியமே சேர்க்கலாம். பழைய கட்டுரையைத் தொடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெளியிடும் வேலையின் ஒரு பகுதியாகவே இதை வைக்க வேண்டும், "நேரம் கிடைக்கும்போது" என்று விட்டால் நடக்காது. வெளியிடு பட்டனை அழுத்துவதோடு கட்டுரை முடிந்துவிட்டது என்று நினைப்பதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

விக்கிப்பீடியாவில் இந்தக் கோணம் கருவியாகவே கட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், அதற்கு வேறு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று காட்டும் ஒரு வசதி கருவிகள் பட்டியலில் இருக்கும். வேறு எந்தக் கட்டுரையும் இணைக்காத கட்டுரைகளுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் அனாதை என்று அடையாளம் போட்டு வைப்பார்கள், யாராவது வந்து சரிசெய்வார்கள் என்று.

## ஆழம்

முகப்புப் பக்கத்திலிருந்து ஒரு கட்டுரைக்குப் போக எத்தனை கிளிக் தேவை என்பதை ஆழம் என்கிறோம். முகவரியில் எத்தனை சாய்கோடு இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம் புகைப்படத் தளத்தில் 3,000 கட்டுரைகள், 10 பிரிவுகள், பிரிவுக்கு 300. பட்டியல் பக்கம் ஒன்றில் 20 கட்டுரை காட்டினால் ஒரு பிரிவுக்கு 15 பட்டியல் பக்கங்கள். அடியில் "அடுத்து" என்ற ஒரே பட்டன்தான் இருக்கிறது என்றால், மிகப் பழைய கட்டுரைக்குப் போக முகப்பிலிருந்து பிரிவுக்கு ஒரு கிளிக், அப்புறம் 14 தடவை "அடுத்து", கடைசியாகக் கட்டுரைக்கு ஒன்று, மொத்தம் 16. எந்த வாசகரும் இதைச் செய்யப் போவதில்லை. கிராலரும் இவ்வளவு ஆழத்தில் இருப்பதை முக்கியமில்லாததாகத்தான் எடுத்துக்கொள்ளும், அடிக்கடி வந்து பார்க்காது.

இப்போது ஒவ்வொரு பிரிவையும் பொருள்வாரியாகப் பத்து உட்பிரிவாகப் பிரித்துப் பாருங்கள். உட்பிரிவுக்கு 30 கட்டுரை, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். முகப்பு, பிரிவு, உட்பிரிவு, கட்டுரை: மூன்றே கிளிக்கில் 3,000 கட்டுரைகளில் எதையும் தொட்டுவிடலாம். ஒரு கட்டுரைகூடக் குறைக்கவில்லை, தேதி வரிசையை விட்டுவிட்டுப் பொருள் வரிசைக்கு வந்தோம்.

## முதன்மைப் பக்கம் வைத்துக் கட்டுவது

பொருள்வாரியாகப் பிரித்ததும் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு முதன்மைப் பக்கம் வேண்டும். வெறும் தலைப்புப் பட்டியலாக இல்லாமல், அந்தப் பொருளை முதலிலிருந்து சுருக்கமாக விளக்கி, ஒவ்வொரு இடத்திலும் விரிவான கட்டுரைக்கு வழிகாட்டும் பக்கமாக அது இருக்க வேண்டும். "இரவுப் புகைப்படம்" என்பது முதன்மைப் பக்கம் என்றால், டிரைபாட் தேர்வு, நீண்ட எக்ஸ்போஷர், நட்சத்திரங்களைப் படமெடுப்பது எல்லாம் கிளைக் கட்டுரைகள். முதன்மைப் பக்கம் கிளைகள் எல்லாவற்றையும் சுட்டும், ஒவ்வொரு கிளையும் முதன்மைப் பக்கத்தைத் திரும்பச் சுட்டும். கிளைகளுக்குள் ஒன்றுக்கொன்று உண்மையான உறவு இருக்கும் இடத்தில் மட்டும் பக்கவாட்டு இணைப்பு: நட்சத்திரப் படத்துக்கு நீண்ட எக்ஸ்போஷர் தெரிந்திருக்க வேண்டும், அதனால் அங்கே இணைப்பு வரும். வெளிநாட்டுத் தளங்களைப் பார்த்து இதை வட்டமாக, சமச்சீராக வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிளையும் மற்ற எல்லாக் கிளைகளையும் இணைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வாசகருக்கு அடுத்து எழும் கேள்விதான் இணைப்புக்கு ஒரே நியாயம்.

பக்கத்தின் மேலே "முகப்பு › இரவுப் புகைப்படம் › நட்சத்திரங்கள்" என்று வரும் சிறு வரியைப் பிரெட்கிரம்ப் என்பார்கள். நடுவில் வந்து இறங்கிய வாசகருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்வது அது. கிளையிலிருந்து மேலே போகும் இணைப்பையும் தானாகவே தந்துவிடுகிறது. செலவில்லாத காரியம், போட்டுவிடுங்கள்.

சுருக்கமாக: பொருளுக்கு ஒரு முதன்மைப் பக்கம், அதிலிருந்து கீழே, கீழிருந்து மேலே, தேவைப்படும் இடத்தில் பக்கவாட்டில்.

## டேக்குகள், தானியங்கி இணைப்புகள்

டேக் என்பது கட்டுரையில் ஒட்டும் குறிச்சொல். ஒவ்வொரு டேக்குக்கும் மென்பொருள் தானாகவே ஒரு பட்டியல் பக்கத்தை உருவாக்கிவிடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. கட்டுரைக்கு ஐந்து புது டேக் என்று போட்டுக்கொண்டே போனால், சில வருடத்தில் கட்டுரைகளைவிட டேக் பக்கங்கள் அதிகமாகிவிடும், அவற்றில் நிறைய பக்கங்களில் ஒரே ஒரு கட்டுரைதான் இருக்கும். "இரவு புகைப்படம்", "இரவுப்படம்", "நைட் போட்டோ" என்று ஒரே விஷயத்துக்கு மூன்று பக்கம். கிராலரின் நேரமும் இணைப்புகளின் எடையும் இவற்றில் கரைகின்றன. நாலைந்து கட்டுரைக்காவது பொருந்தாத டேக்கை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒரே பொருள் தரும் டேக்குகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

குறிப்பிட்ட சொல் வரும் இடமெல்லாம் தானாக இணைப்புப் போடும் செருகுநிரல்களும் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) இருக்கின்றன. "ஃபோகஸ்" என்ற சொல்லுக்கு ஒருமுறை அமைத்துவிட்டால், "இந்தக் கட்டுரையின் ஃபோகஸ் வேறு" என்ற வரியிலும் போய் இணைப்புப் போட்டுவிடும். எங்கே இணைக்கலாம் என்று பரிந்துரை தரும் வேலைக்கு இவற்றைப் பயன்படுத்தலாம். ஒரு மனிதர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அந்த இணைப்பு பக்கத்தில் ஏற வேண்டும்.

## எங்கிருந்து தொடங்குவது

முதலில் இரண்டு பட்டியல் எடுங்கள். ஒன்று, உங்கள் மென்பொருளில் வெளியிடப்பட்ட எல்லாக் கட்டுரைகளின் முகவரிகள். இரண்டாவது, கிராலர் மாதிரியே உங்கள் தளத்தில் இணைப்பு வழியாக நடந்து பார்க்கும் ஒரு கருவி கண்டுபிடித்த முகவரிகள். ஸ்கிரீமிங் ஃப்ராக் என்ற கருவி 500 முகவரி வரை இலவசமாகவே இதைச் செய்யும், அதற்கு மேல் என்றால் கட்டணம். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவை உங்கள் அனாதைப் பக்கங்கள். அப்புறம் கூகுள் சர்ச் கன்சோலில் (உங்கள் தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் இலவசக் கருவி) "இணைப்புகள்" அறிக்கையைத் திறந்தால், எந்தப் பக்கத்துக்கு எத்தனை உள் இணைப்பு வருகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். மேலே நிற்பவை நீங்கள் முக்கியம் என்று நினைக்கும் பக்கங்கள்தானா என்று பாருங்கள். பெரும்பாலும் "எங்களைப் பற்றி", "தனியுரிமைக் கொள்கை" போன்றவைதான் உச்சியில் இருக்கும், அவை எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருப்பதால். அதில் பதற ஒன்றுமில்லை. அவற்றுக்கு அடுத்து என்ன வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முகவரி மாறிய பக்கங்களையும் அப்போதே சரிசெய்துவிடலாம். ரீடைரெக்ட் என்பது பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு. வெளித் தளங்களிலிருந்து வருபவர்களுக்கு அது வேண்டும். ஆனால் உங்கள் சொந்தக் கட்டுரையில் இருக்கும் இணைப்பே பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று தாவ வேண்டிய அவசியமில்லை. இணைப்பைத் திறந்து நேரடி முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

அனாதைப் பக்கங்களின் பட்டியல் கையில் வந்ததும் எல்லாவற்றுக்கும் எப்படியாவது ஓர் இணைப்பைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கட்டுரையின் வாசகருக்கு இது உண்மையாகவே தேவைப்படும் என்று யோசியுங்கள். பதில் கிடைத்தால் அங்கே இணையுங்கள். எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை என்றால் அநேகமாக அதே விஷயத்தை இன்னும் நன்றாகச் சொல்லும் கட்டுரை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். இதில் உள்ள பயனுள்ள பத்திகளை அதில் சேர்த்துவிட்டு, இந்த முகவரியை அங்கே ரீடைரெக்ட் செய்துவிடலாம். ஒரே நாளில் 3,000 பக்கத்தையும் தொட வேண்டாம். வாசகர்கள் அதிகம் வரும் ஒரு பிரிவை எடுத்து முடித்துவிட்டு, சில வாரம் கழித்து அதே கருவியை மறுபடி ஓட்டி, ஆழமும் இணைப்பு எண்ணிக்கையும் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்த்துவிட்டு அடுத்த பிரிவுக்குப் போங்கள்.